சுருள் கேலக்ஸிகளின் சுழற்சி: கரும்பொருள் அல்லாத விளக்கங்களில் எது கணக்கில் நிற்கிறது?

அருள்செல்வி:

அனைவருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. செமினாருக்குச் சுருள் கேலக்ஸிகளின் சுழற்சியைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். அளவீடுகளில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-ல் ஆண்ட்ரோமெடாவின் 67 அயனி வாயு மேகங்களை அளந்தார்கள். 1978-ல் ஆல்பர்ட் போஸ்மா ஹைட்ரஜன் வாயு வீசும் 21 செ.மீ. ரேடியோ அலையைக் கொண்டு, நட்சத்திர ஒளி முடிந்த இடத்துக்கு வெகு அப்பாலும் வேகம் குறையவில்லை என்று காட்டினார். கண்ணுக்குத் தெரியும் பொருள் மட்டும் இழுத்தால் அங்கே வேகம் இறங்கியிருக்க வேண்டும். குழப்பமெல்லாம் விளக்கத்தில்தான்.

கரும்பொருள் (ஒளி தராமல் ஈர்ப்பை மட்டும் காட்டும் பொருள்) தேவையில்லை என்று சொல்லும் நான்கு வாதங்களை மாறி மாறிப் படிக்கிறேன். கேலக்ஸி தட்டு வடிவம், அதைக் கோளமாக வைத்துக் கணக்குப் போட்டதே பிழை என்பது ஒன்று. காந்தப்புலம் வாயுவை இழுத்துப் பிடிக்கிறது என்பது இன்னொன்று. நியூட்டனை விட்டுவிட்டுப் பொதுச் சார்பியலை முழுதாகப் போட்டாலே சரியாகிவிடும் என்பது மூன்றாவது. நான்காவது மில்க்ரோமின் மாண்ட், அதாவது முடுக்கம் மிகக் குறைந்த இடத்தில் விதியே மாறுகிறது என்பது.

இவற்றை ஒரே கேலக்ஸியில் எண் போட்டு ஒப்பிட்டுக் காட்ட முடியுமா? கூடவே இன்னொன்று: இவற்றில் ஏதாவது ஒன்று சரியென்றால், சுருள் கைகள் சுற்றிச் சுற்றி இறுகிக் காணாமல் போகாததற்கும் அதுவே காரணம் ஆகிவிடுமா?

துருவன்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஆகாது. வேகம் ஏன் இவ்வளவு என்பது ஒரு கேள்வி, கை ஏன் கலையவில்லை என்பது வேறு கேள்வி. வேக வரைகோடு தட்டையாக இருந்தாலே, அதாவது எல்லா ஆரத்திலும் வேகம் ஒன்றாக இருந்தாலே, உள்ளே இருப்பது சீக்கிரம் சுற்றும், வெளியே இருப்பது மெதுவாகச் சுற்றும். அந்தத் தட்டையான கோட்டைக் கரும்பொருள் தந்ததா, மாறிய ஈர்ப்பு விதி தந்ததா என்று கைகளுக்குத் தெரியாது. கைகளைப் பற்றி மகரயாழ் நன்றாக எழுதுவார், நான் வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேலக்ஸியாக என்ஜிசி 3198-ஐ வைத்துக்கொள்ளுங்கள். மையத்தில் நட்சத்திரங்கள் நீளவாக்கில் அமையும் பட்டை பலவீனம், நம் பார்வைக்குத் தட்டின் சாய்வு சுமார் 73 டிகிரி, வாயு வெகுதூரம் பரவியிருக்கிறது. 1985-லிருந்து இந்தத் துறையின் நிலையான எடுத்துக்காட்டு இதுதான். ஸ்பார்க் என்ற கேலக்ஸிச் சுழற்சித் தரவுத் தொகுப்பில் உள்ள எண்கள்: தூரம் 13.8 மெகாபார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு), 3.6 மைக்ரான் அலைநீளத்தில் ஒளிர்வு சுமார் 3.8 × 10¹⁰ சூரியன், நடுநிலை ஹைட்ரஜன் சுமார் 1.09 × 10¹⁰ சூரிய நிறை, தட்டின் அளவுகோல் நீளம் (ஒளி e-ல் ஒரு பங்காகக் குறைய ஆகும் தூரம்) 3.1 கிலோபார்செக், தட்டையான வேகம் 150 கி.மீ./நொடி.

ஒளிர்வை நிறை-ஒளி விகிதமான 0.5-ஆல் பெருக்கினால் நட்சத்திர நிறை 1.9 × 10¹⁰. ஹீலியத்துக்காக ஹைட்ரஜனை 1.33-ஆல் பெருக்கினால் வாயு 1.45 × 10¹⁰. கூட்டினால் கண்ணுக்குத் தெரியும் பொருள் சுமார் 3.36 × 10¹⁰ சூரிய நிறை. ஈர்ப்பு மாறிலியை 4.30 × 10⁻⁶ என்று (கிலோபார்செக், கி.மீ./நொடி, சூரிய நிறை அலகுகளில்) வைத்து 30 கிலோபார்செக்கில் நியூட்டன் கணக்கைப் போட்டால் வேகம் 69 கி.மீ./நொடி வரும். அளந்தது 150. வர்க்கத்தின் விகிதம் 4.7. ஆக எந்த விளக்கம் வந்தாலும் இந்த 4.7 மடங்கைக் காட்டியாக வேண்டும்.

தட்டு வாதம்: தட்டைக் கோளமாக எண்ணினால் பிழை வரும் என்பது உண்மை. ஆனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. 1970-ல் கென் ஃப்ரீமன் கொடுத்த சூத்திரம் தட்டுக்கே உரியது. அதன்படி வேகம் அளவுகோல் நீளத்தின் 2.2 மடங்கில், அதாவது இங்கே 7 கிலோபார்செக் அருகில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். உச்சத்தில் தட்டுக்கும் சம நிறைக் கோளத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் 15 சதவீதம். 30 கிலோபார்செக்கில் நட்சத்திரத் தட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் முடுக்கம் 5 சதவீதம் அளவுதான். வாயு அகலமாகப் பரவியிருப்பதால் அதற்கு இன்னும் கொஞ்சம் கூடும். 69 எழுபதைத் தாண்டும், 150-ஐ நெருங்காது.

“தட்டை மட்டும் வைத்தே தட்டையான கோட்டைப் பெற்றுவிட்டோம்” என்று வரும் கட்டுரைகளில் பரப்படர்த்தி எவ்வளவு வந்திருக்கிறது என்று பாருங்கள். ஆரத்துக்கு எதிர் விகிதத்தில் அடர்த்தி குறையும் மெஸ்டல் தட்டு தட்டையான வேகம் தரும் என்பது பாடநூல் விஷயம். அங்கே வேகத்தின் வர்க்கம் என்பது 2π × ஈர்ப்பு மாறிலி × பரப்படர்த்தி × ஆரம். 150-ஐயும் 30-ஐயும் இட்டால் சதுர பார்செக்குக்கு 28 சூரிய நிறை வேண்டும். என்ஜிசி 3198-ல் அந்த ஆரத்தில் வாயு ஒன்றிரண்டு சூரிய நிறைதான், நட்சத்திரம் ஏறக்குறைய இல்லை. அவர்கள் கண்டது கரும்பொருளைத்தான், கோளத்துக்குப் பதிலாகத் தட்டில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

காந்தப்புல வாதம்: 1992-ல் பட்டானெரும் உடனிருந்தவர்களும் முன்வைத்தது. இது மரியாதையோடு சோதிக்க வேண்டிய யோசனை, ஏனென்றால் கேலக்ஸிகளில் 5 முதல் 10 மைக்ரோகாஸ் புலம் உண்மையிலேயே இருக்கிறது. வெளி விளிம்பில் கனசென்டிமீட்டருக்கு 0.03 ஹைட்ரஜன் அணு என்றும், புலம் தாராளமாக 5 மைக்ரோகாஸ் என்றும் வையுங்கள். ஹீலியத்தையும் சேர்த்தால் ஆல்ஃவேன் வேகம் (வாயுவின் மேல் புலத்துக்குள்ள பிடியை வேகமாகச் சொல்வது) சுமார் 54 கி.மீ./நொடி. நிரப்ப வேண்டிய பள்ளமோ, 150-ன் வர்க்கத்திலிருந்து 69-ன் வர்க்கத்தைக் கழித்தால், 133 கி.மீ./நொடி. வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. நிரப்ப வேண்டுமென்றால் 30 கிலோபார்செக்கில் 12 மைக்ரோகாஸ் புலம் வேண்டும். அவ்வளவு புலத்தின் அழுத்தம் வாயுத் தட்டைச் செங்குத்தாக ஊதிப் பெரிதாக்கிவிடும்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. நட்சத்திரம் காந்தப்புலத்துக்கு அசையாது, ஒளி அதற்கு வளையாது. கிட்ஸ் வான ஆய்வின் பலவீன ஈர்ப்பு வில்லைத் தரவை (முன்னால் உள்ள நிறை பின்னணி ஒளியைச் சற்றே வளைப்பதை அளந்தது) வைத்து 2024-ல் மிஸ்டெலெ குழு, தனித்திருக்கும் கேலக்ஸிகளைச் சுற்றி வட்டவேகம் நூற்றுக்கணக்கான கிலோபார்செக் வரை தட்டையாகவே போவதாகக் காட்டியது. அங்கே வளைந்தது பின்னணிக் கேலக்ஸிகளின் ஒளி. காந்தத்துக்கு அதில் வேலையே இல்லை.

பொதுச் சார்பியல் வாதம்: திருத்தத்தின் அளவு (வேகம் ÷ ஒளிவேகம்) என்பதன் வர்க்கம். 150-க்கு அது 2.5 × 10⁻⁷. சுழலும் நிறை தன்னைச் சுற்றிய வெளியையும் இழுக்கும் சட்டக இழுவையும் இதே வரிசையில்தான் வரும். நமக்கு வேண்டியது 4.7 மடங்கு. 2005-ல் கூப்பர்ஸ்டாக்கும் டியூவும் கொடுத்த தீர்வில் தட்டின் நடுத்தளத்தில் முடுக்கம் திடீரெனத் தாவுகிறது. அந்தத் தாவலே ஒரு கூடுதல் நிறைத்தாள் என்று அதே ஆண்டு கொர்ஸின்ஸ்கி காட்டிவிட்டார். 2021-ல் ஈர்ப்புக்காந்தம் என்ற பெயரில் திரும்ப வந்த வடிவத்துக்கும் 2022-ல் சியோட்டி கணக்குப் போட்டு, திருத்தம் மிகச் சிறியதே என்று பதில் தந்தார்.

மாண்ட் இந்த மூன்றோடும் சேர்க்கத் தக்கதல்ல. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

மகரயாழ்:

கைகளுக்கு வருகிறேன்.

பால்வெளியில் 8 கிலோபார்செக்கில் வேகம் 230 கி.மீ./நொடி என்று வைத்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 21.4 கோடி ஆண்டு. 4 கிலோபார்செக்கில் அதில் பாதி. ஆயிரம் கோடி ஆண்டில் வெளியே இருப்பது 47 சுற்று, உள்ளே இருப்பது 94 சுற்று. கை எப்போதும் அதே நட்சத்திரங்களால் ஆனது என்றால் எவ்வளவு இறுகும் என்பதற்கு எளிய சூத்திரம் இருக்கிறது. தட்டையான வேகத்துக்கு, கையின் சரிவுக் கோணத்தின் கோடான்ஜென்ட் = கோணவேகம் × காலம். 8 கிலோபார்செக்கில் கோணவேகம் பத்து லட்சம் ஆண்டுக்கு 0.0294 ரேடியன். 19 கோடி ஆண்டில் கோணம் 10 டிகிரிக்கு வந்துவிடும். நூறு கோடி ஆண்டில் 2 டிகிரி. உண்மையான சுருள்களில் நாம் காண்பது பெரும்பாலும் 10 முதல் 25 டிகிரி. எனவே கை நிலையான பொருளாக இருக்க முடியாது. மாண்டிலும் இதே கணக்குத்தான், ஒரு எண் கூட மாறாது.

முதல் தப்பிக்கும் வழியைக் கண்டவர் பெர்டில் லிண்ட்பிளாட். நட்சத்திரப் பாதை சரியான வட்டமல்ல, உள்ளும் வெளியுமாக அலைகிறது. அந்த அலைவின் அதிர்வெண், தட்டையான வேகத்துக்கு, கோணவேகத்தின் √2 மடங்கு. கோணவேகத்திலிருந்து அதில் பாதியைக் கழித்தால் மிஞ்சுவது கோணவேகத்தில் 0.29 பங்கு. இரு கைகள் கொண்ட அமைப்பாக நீள்வட்டங்களை அடுக்கினால் அந்த அமைப்பு இந்த வேகத்தில்தான் நகரும். ஆகவே இறுகுவது 3.4 மடங்கு தாமதமாகிறது: 10 டிகிரிக்கு வர 19 கோடிக்குப் பதிலாக 66 கோடி ஆண்டு. தாமதம்தான், தீர்வல்ல. மீதியைத் தட்டின் சொந்த ஈர்ப்பு பார்த்துக்கொள்கிறது என்பது 1964-ல் சி.சி. லின்னும் ஃபிராங்க் ஷூவும் சொன்ன அடர்த்தி அலை. சுங்கச்சாவடி முன் நிற்கும் வரிசை மாதிரி: வண்டிகள் வந்து சேர்ந்து கடந்து போய்க்கொண்டே இருக்கும், வரிசை மட்டும் அதே இடத்தில் நிற்கும்.

இதோடு நிறுத்திவிடும் பாடங்கள் அதிகம், அதனால்தான் அடுத்ததை அழுத்திச் சொல்கிறேன். 1969-ல் அலர் டூம்ரே அந்த அலையின் தொகுதி வேகத்தைக் கணக்கிட்டார். அலை தொகுப்பாக ஆரத்திசையில் நகர்ந்து, சில சுற்றுக் காலத்திலேயே லிண்ட்பிளாட் ஒத்ததிர்வு இடத்தில் (அலையும் நட்சத்திர அலைவும் ஒத்துப்போகும் ஆரத்தில்) போய்க் கரைந்துவிடுகிறது. எனவே யாராவது புதிதாக அலையை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊட்டுபவர் துணைக் கேலக்ஸியாக இருக்கலாம், எம்51-க்கு அருகே என்ஜிசி 5195 இருப்பது போல. மையப் பட்டையாக இருக்கலாம். இரண்டும் இல்லாதபோது வேலை செய்வது ஊசல் பெருக்கம். வெளிநோக்கி முன்சாய்ந்த ஒரு சிறு திரள் சுழற்சி வேறுபாட்டால் பின்சாய்வுக்குத் திரும்பும் அந்தச் சிறு காலத்தில், நட்சத்திர அலைவும் தட்டின் ஈர்ப்பும் ஒத்துப்போய் அதைப் பல மடங்கு பெரிதாக்கிவிடும். 1965-66-ல் கோல்டுரைக், லின்டன்-பெல், ஜூலியன், டூம்ரே ஆகியோர் கண்டது இது.

இங்கேதான் உங்கள் இரண்டு கேள்விகளும் உண்மையாகச் சந்திக்கின்றன. ஊசல் பெருக்கம் எத்தனை கைகளை வளர்க்கும் என்பது தட்டின் நிறையைப் பொறுத்தது. முக்கிய அலைநீளம் = 4π² × ஈர்ப்பு மாறிலி × பரப்படர்த்தி ÷ அலைவு அதிர்வெண்ணின் வர்க்கம். சூரியனின் அருகே பரப்படர்த்தி சதுர பார்செக்குக்கு 50 சூரிய நிறை, அதிர்வெண் கிலோபார்செக்குக்கு 37 கி.மீ./நொடி. கிடைப்பது சுமார் 6.2 கிலோபார்செக். பெருக்கம் வலுவாக இருப்பது கைகளின் இடைவெளி இதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கும்போது. 8.2 கிலோபார்செக் ஆரத்தின் சுற்றளவு 51.5. வகுத்தால் 4 அல்லது 5 கைகள். தட்டு இலேசாகி, ஈர்ப்பின் பெரும்பங்கு சுற்றியுள்ள கரும்பொருள் கோளத்திலிருந்து வந்தால், கைகள் எண்ணிக்கையில் பெருகும், மெலியும். தட்டே கனமாக இருந்தால் இரண்டு பெரிய கைகள். அதனால் கைகளை எண்ணுவது தட்டின் நிறையை எடைபோடும் ஒரு வழி. 1987-ல் அதனசூலா, போஸ்மா, பாபயோனு மூவரும் இந்த முறையைப் பல கேலக்ஸிகளில் செய்து பார்த்தார்கள்.

கைகளுக்கு ஈர்ப்பே தேவையில்லை என்று ஒரு மாற்று விளக்கமும் உண்டு. 1978-ல் ஜெரோலாவும் சைடனும் கணினியில் காட்டியது: ஒரு சூப்பர்நோவா பக்கத்து வாயுவில் நட்சத்திரப் பிறப்பைத் தூண்டும், அது அடுத்ததைத் தூண்டும், சுழற்சி வேறுபாடு அந்தத் திட்டுகளைக் கைத்துண்டுகளாக நீட்டிவிடும். என்ஜிசி 2841 போன்ற துண்டு துண்டான சுருள்களுக்கு இது பொருந்திப்போகிறது. எம்51, எம்81 போன்றவற்றுக்குப் பொருந்தாது, ஏனென்றால் 2 முதல் 3.6 மைக்ரான் படத்தில் முதிய நட்சத்திரங்களிலும் கைகள் தெளிவாகத் தெரிகின்றன. தூண்டப்பட்ட நட்சத்திரப் பிறப்பு இளைய நீல நட்சத்திரங்களை மட்டுமே அடுக்கும், முதியவற்றை நகர்த்தாது.

செமினாரில் நிச்சயம் எழும் கேள்வி ஒன்று: கைகள் தட்டைச் சூடாக்கிவிடாதா? சூடாக்கும். 1984-ல் செல்வுட்டும் கார்ல்பெர்க்கும் செய்த கணினிக் கணக்கில் நட்சத்திரங்களின் சிதறல் வேகம் ஏறி, டூம்ரேயின் நிலைத்தன்மை எண் (தட்டு தன் ஈர்ப்பால் திரளாமல் நிற்பதை அளப்பது) உயர்ந்து, பத்துச் சுற்றுகள் அளவில் கைகள் மங்கிவிடுகின்றன. குளிர்ந்த வாயுவிலிருந்து புது நட்சத்திரங்கள் சேர்ந்துகொண்டே இருந்தால் மட்டும் நீடிக்கின்றன. வாயு தீர்ந்துபோன எஸ்-பூஜ்ய வகைக் கேலக்ஸிகளில் தட்டு இருக்கிறது, கை இல்லை. என் பார்வையில் சுருள் வடிவம் குறித்த மிக உறுதியான தடயம் இதுதான்.

ஆழ்வெளி:

மாண்டை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1983-ல் மொர்தெஹாய் மில்க்ரோம் சொன்னது: முடுக்கம் சுமார் 1.2 × 10⁻¹⁰ மீட்டர்/நொடி² என்ற எல்லைக்குக் கீழே போனால், உண்மையான முடுக்கம் என்பது நியூட்டன் முடுக்கத்தையும் அந்த எல்லையையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். அதிலிருந்து வெளி விளிம்பில் வேகத்தின் நான்காம் அடுக்கு = ஈர்ப்பு மாறிலி × நிறை × எல்லை முடுக்கம் என்று வருகிறது. ஆரம் மறைந்துவிடுகிறது பாருங்கள், கோடு தானாகவே தட்டையாகிறது.

துருவன் எடுத்த 3.36 × 10¹⁰-ஐ இதில் இடுங்கள். 152 கி.மீ./நொடி. அளந்தது 150. எந்த எண்ணையும் இந்தக் கேலக்ஸிக்காகத் திருகவில்லை.

ஒன்று மட்டும் தற்செயலாக இருக்கலாம் என்பீர்கள், ஆகவே முற்றிலும் வேறு மாதிரி ஒன்று: டிடிஓ 154. குள்ளக் கேலக்ஸி, பெரும்பாலும் வாயு. நட்சத்திர நிறையில் என்ன பிழை செய்தாலும் விடை மாறாது என்பதுதான் இதன் அருமை. வாயு, நட்சத்திரம் எல்லாம் சேர்த்து 3.9 × 10⁸ சூரிய நிறை. கணக்கு 50, அளவீடு 47. நிறையில் சுமார் 85 மடங்கு வேறுபாடு உள்ள இரண்டு கேலக்ஸிகள் ஒரே மாறிலிக்குப் பணிகின்றன. 2016-ல் மெக்காவ், லெல்லி, ஷோம்பர்ட் ஸ்பார்க்கின் 153 கேலக்ஸிகளில் 2693 புள்ளிகளைப் போட்டுப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியும் பொருள் தரும் முடுக்கமும் அளந்த முடுக்கமும் ஒரே கோட்டில் விழுந்தன. சிதறல் 0.13 டெக்ஸ்தான், அதாவது சுமார் 35 சதவீதம்.

நீங்களே செய்து காட்டுவதாக இருந்தால், ஸ்பார்க் தளத்தில் ஒவ்வொரு கேலக்ஸிக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. நிரல்கள் வரிசையாக: ஆரம், அளந்த வேகம், பிழை, வாயு தரும் வேகம், தட்டு தரும் வேகம், மையப் புடைப்பு தரும் வேகம், பிறகு பரப்பு ஒளிர்வுகள். எக்செல் போதும். வாயு வேகத்தின் வர்க்கம், அதனுடன் 0.5 × தட்டு வேகத்தின் வர்க்கம், 0.7 × புடைப்பு வேகத்தின் வர்க்கம். கூட்டியதை ஆரத்தால் வகுத்தால் நியூட்டன் முடுக்கம் (ஒரு கிலோபார்செக் 3.086 × 10¹⁹ மீட்டர்). அதை எல்லை முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, எதிர்க்குறியோடு அதை e-க்கு அடுக்காக வைத்து, வந்ததை 1-லிருந்து கழித்து, கிடைத்ததால் நியூட்டன் முடுக்கத்தை வகுங்கள். வருவது முன்கணிப்பு.

பலர் சறுக்கும் இடம் வாயு நிரல். மையத்தில் வாயு குழிந்திருந்தால் அது வெளிநோக்கி இழுக்கும், அதனால் கோப்பில் வேகம் எதிர்க்குறியோடு இருக்கும். வெறுமனே வர்க்கம் எடுத்தால் குறி தொலைந்து உள்பகுதியில் வேகம் கூடிவிடும். எண்ணை அதன் குறியில்லா மதிப்பால் பெருக்க வேண்டும். தட்டு, புடைப்பு நிரல்கள் நிறை-ஒளி விகிதம் 1 என்று வைத்துக் கொடுக்கப்பட்டவை என்பதையும் மறக்காதீர்கள்.

அருள்செல்வி:

மூவருக்கும் நன்றி. ஆழ்வெளி சார், நீங்கள் சொன்ன முழுச் சூத்திரத்தை என்ஜிசி 3198-க்கு 30 கிலோபார்செக்கில் போட்டேன். 152 வரவில்லை, 160 வருகிறது. எங்கே இடிக்கிறது? இன்னொன்று, மாண்ட் இவ்வளவு பொருந்தும்போது பெரும்பாலான அண்டவியலாளர்கள் ஏன் அதை ஏற்பதில்லை?

ஆழ்வெளி:

உங்கள் 160 சரி. 152 என்பது முடுக்கம் மிகமிகக் குறைந்த எல்லையில் வரும் விடை. 30 கிலோபார்செக்கில் நியூட்டன் முடுக்கம் 5.2 × 10⁻¹², அதாவது எல்லையில் 23-ல் ஒரு பங்கு. இன்னும் முழு எல்லைக்குப் போகவில்லை.

மீதமுள்ள 10 கி.மீ.-க்குத் தூரத்தைப் பாருங்கள். நிறை தூரத்தின் வர்க்கமாக மாறும், ஆரத்தின் வர்க்கமும் அப்படியே மாறும், ஆகவே நியூட்டன் முடுக்கம் தூரத்தைப் பொறுத்து மாறாது. மாறுவது ஆரம் மட்டும். தூரத்தை 13.8-லிருந்து 12.4 மெகாபார்செக் ஆக்கினால் முன்கணித்த வேகம் 0.95 மடங்காகி 152-க்கு இறங்கும். தூர அளவீட்டின் பிழையே சுமார் 10 சதவீதம் என்பதால் இது அனுமதிக்கத் தக்கது. இந்தக் கேலக்ஸியில் மாண்ட் எப்போதும் கொஞ்சம் குறைந்த தூரத்தையே விரும்புகிறது என்பதைச் செமினாரில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

துருவன்:

இரண்டாவது கேள்விக்கு. கேலக்ஸிக்குள் மாண்டின் வெற்றி உண்மையானது. கரும்பொருள் பக்கம் நிற்கும் நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். நட்சத்திரங்களின் அடர்த்தியில் ஒரு சிறு மேடு இருந்தால் வேகக் கோட்டிலும் அதே இடத்தில் ஒரு மேடு வருகிறது. கரும்பொருள் ஆதிக்கம் செலுத்தும் கேலக்ஸியில் கூட இப்படி வருவது ஏன் என்பதற்கு எங்கள் பக்கம் திருப்தியான, சுருக்கமான பதில் இல்லை. கேலக்ஸி உருவாக்கக் கணினிக் கணக்குகள் அந்த முடுக்க உறவைக் கொண்டுவருகின்றன, ஆனால் ஒரே வேகமுள்ள குள்ளக் கேலக்ஸிகளின் உள்கோடுகள் இவ்வளவு வேறுபடுவதை அவை நன்றாகக் காட்டவில்லை.

சிக்கல் வெளியே போகும்போது வருகிறது. கேலக்ஸிக் கொத்துகளில் மாண்டைப் போட்ட பிறகும் சுமார் இரண்டு மடங்கு நிறை குறைகிறது. 2006-ல் அளந்த, இரு கொத்துகள் மோதிய புல்லட் கொத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருளில் பெரும்பங்கான சுடுவாயு மோதி நடுவில் தங்கிவிட்டது, ஈர்ப்பு வில்லையின் உச்சமோ கேலக்ஸிகளோடு நகர்ந்துவிட்டது. விதியை மாற்றினால் மட்டும் இடம் மாறாது. ஆதி அண்டத்திலிருந்து வரும் அண்ட நுண்ணலைப் பின்னணியின் ஏற்றத்தாழ்வு வரைகோட்டில் மூன்றாவது உச்சம் இவ்வளவு உயரமாக இருப்பதற்கு, ஒளியோடு ஒட்டாத ஏதோ ஒன்று தொடக்கத்திலேயே வேண்டும். 2004-ல் பெக்கன்ஸ்டைன் கொடுத்த சார்பியல் மாண்டை 2017 ஆகஸ்ட் 17-ல் வந்த ஈர்ப்பலை பாதித்தது. சுமார் 13 கோடி ஒளியாண்டு கடந்து வந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. அந்தக் கோட்பாட்டில் இரண்டின் வேகமும் இவ்வளவு ஒன்றாக இருக்க வழியில்லை. 2021-ல் ஸ்கோர்டிஸும் ஸ்லோஷ்னிக்கும் தந்த புதிய வடிவம் ஈர்ப்பலை வேகத்தையும் நுண்ணலைப் பின்னணியையும் சமாளிக்கிறது. ஆனால் அதற்காக ஆதி அண்டத்தில் தூசு போலவே நடந்துகொள்ளும் ஒரு புலத்தைச் சேர்க்கிறது.

மகரயாழ்:

துருவன் சொன்னதோடு இன்னொரு சோதனையைச் சேர்க்கிறேன், இது கேலக்ஸிக்குள்ளேயே நடப்பது, கைகளுக்கும் பக்கம். 1943-ல் சுப்பிரமணியன் சந்திரசேகர் கொடுத்த இயக்க உராய்வு: கனமான ஒன்று இலேசான துகள்களின் கூட்டத்தில் நகர்ந்தால் பின்னால் ஒரு திரள் சேர்ந்து அதை இழுத்துப் பிடிக்கும். கேலக்ஸியைச் சுற்றிக் கரும்பொருள் துகள்கள் உண்மையாகவே இருந்தால் மையப் பட்டை அவற்றில் உரசி மெதுவாக வேண்டும். டெபட்டிஸ்டாவும் செல்வுட்டும் 1998-லிருந்து காட்டியது, உள்பகுதியில் கரும்பொருள் அடர்ந்திருந்தால் இந்த வேகக் குறைவு பெரிது என்று. அளப்பது எப்படி? நட்சத்திரங்கள் பட்டையின் அதே கோணவேகத்தில் சுற்றும் ஆரத்தைப் பட்டையின் அரை நீளத்தால் வகுக்க வேண்டும். 1-க்கும் 1.4-க்கும் நடுவே இருந்தால் வேகமான பட்டை. அளந்தவற்றில் பெரும்பாலானவை வேகமானவை. இது மாண்டுக்கு, அல்லது குறைந்தபட்சம் கனமான தட்டுக்கு, சாதகம். மறுபக்கம், 2021-ல் சிபாவும் உடனிருந்தவர்களும் கையா விண்கலத் தரவில் பால்வெளியின் பட்டை மெதுவாகிவருவதற்கான தடயத்தைக் கண்டார்கள். அது உறுதியானால் கரும்பொருளுக்குப் பெரிய ஆதரவு. இந்த வாதம் இன்னும் முடியவில்லை, செமினாருக்கு இதைவிட நல்ல பகுதி கிடைக்காது என்பேன்.

ஆழ்வெளி:

கேலக்ஸியைத் தேர்வு செய்யும்போது மூன்றைக் கவனியுங்கள். சாய்வு 30 டிகிரிக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். 30 என்று நினைத்தது உண்மையில் 25 என்றால் வேகம் 18 சதவீதம் கூடும், நான்காம் அடுக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வலுவான பட்டை உள்ளதில் வாயு வட்டமாக ஓடாது, உள்பகுதிப் புள்ளிகளை நம்ப முடியாது. பழைய 21 செ.மீ. தரவில் தொலைநோக்கியின் கதிர்க்கற்றை அகலமாக இருந்தால் மையத்தின் செங்குத்தான ஏற்றம் மழுங்கிப்போய், மென்மையான மையம் இருப்பது போலப் பொய்த் தோற்றம் தரும்.

ஜோடியாகக் காட்ட விரும்பினால் என்ஜிசி 2403-உம் யுஜிசி 128-உம். ஒளிர்வு ஏறக்குறைய ஒன்று, தட்டையான வேகமும் 130 கி.மீ./நொடி அளவில் ஒன்றே, ஆனால் யுஜிசி 128 பல மடங்கு பரந்து மங்கியது. நியூட்டனும் ஒளியும் மட்டும் இருந்தால் பரந்ததன் வேகம் குறைந்திருக்க வேண்டும். இரண்டு கோடுகளையும் முதலில் கிலோபார்செக்கில் ஒன்றன் மேல் ஒன்றாக வரையுங்கள், பிறகு ஆரத்தை அந்தந்த அளவுகோல் நீளத்தால் வகுத்து மறுபடி வரையுங்கள். கரும்பொருள் பக்கமும் மாண்ட் பக்கமும் எதை விளக்க வேண்டியிருக்கிறது என்பது அந்த இரண்டு படங்களிலேயே தெரிந்துவிடும்.